இரத்தம் இருக்கட்டும், முதலில் வாயைக் காட்டுங்க

டவுனில் உள்ள லாப்கள் இப்போது 'கேன்சர் பக்கேஜ்' என்று விளம்பரம் போடத் தொடங்கிவிட்டன. ஒரு தடவை இரத்தம் கொடுத்தால் போதுமாம், எல்லாம் தெரிந்துவிடுமாம். பட்டியலை எடுத்துப் பார்த்தால் சீஈஏ, சீஏ 125, சீஏ 19-9, பீஎஸ்ஏ, புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் கூடக்கூடிய பொருட்களை அளக்கும் சோதனைகள், எல்லாம் பழைய ஆட்கள்தான். இவற்றில் அநேகமானவை, நோய் வந்தவருக்கு மருந்து பிடிக்கிறதா, நோய் திரும்பி வருகிறதா என்று டொக்டர்மார் பார்ப்பதற்கு உதவுபவை. ஒரு குறையும் இல்லாமல் நடமாடுகிற ஆளிடம் புற்றுநோயைத் துழாவ இவை சரிவராது.

சூலகப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சீஏ 125ஐ எடுங்கள். மாதவிடாய் நாட்களில் கூடும். கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டி இருந்தாலும் கூடும். எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா இந்தப் பக்கேஜைச் செய்துவிட்டு, ரிப்போட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை 'எச்' எழுத்தை, அதாவது அளவு கூட என்ற குறியைப் பார்த்து இரவெல்லாம் அழுதார். ஸ்கான், காசு கட்டி ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைப் பார்க்கிற சேனலிங், இரவு பஸ்ஸில் கொழும்பு. கடைசியில் அது புற்றுநோய் இல்லை, கர்ப்பப்பையில் வரும் சாதாரண ஃபைப்ரொய்ட் கட்டி. நகை அடகில் இருந்து இன்னும் மீளவில்லை. பிரித்தானியாவில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதே சோதனையை வருடாவருடம் செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சோதனை செய்தவர்களிலும் செய்யாதவர்களிலும் சூலகப் புற்றுநோய் மரணத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, அது பழசு, புதுசு வந்திருக்கே என்பீர்கள். கனடாவில் இருக்கும் மச்சான் அதைத்தான் கேட்டான். கெலரி என்று ஒரு சோதனை. கட்டி உடைந்து இரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைப் பிடித்து, 50க்கும் மேற்பட்ட புற்றுநோய்களின் அடையாளத்தைத் தேடுகிறது. அமெரிக்காவில் 949 டொலர், நம்ம இலங்கைக் காசுக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேல். அம்மாவுக்கு எப்படியாவது செய்துவிட வேண்டும், காசு நான் அனுப்புறன் என்கிறான்.

விஞ்ஞானம் உண்மையானதுதான், நான் கேலி செய்யவில்லை. ஆனால் 2021இல் வெளியான ஆய்வில், நான்காம் நிலைப் புற்றுநோயில் நூற்றுக்கு 90ஐப் பிடித்த இதே சோதனை, முதலாம் நிலையில் பிடித்தது சுமார் 17தான். அதாவது, நோய் முற்றியிருந்தால் நன்றாகத் தெரிகிறது. எந்த நேரத்தில் தெரிய வேண்டுமோ அந்த நேரத்தில் அநேகமாகத் தவறிவிடுகிறது. 2023இல் வந்த இன்னொரு ஆய்வில் 6,621 பேரைப் பரிசோதித்து 92 பேருக்கு 'இருக்கலாம்' என்று வந்தது. உண்மையில் புற்றுநோய் இருந்தது 35 பேருக்கு. மற்ற 57 பேரும் ஒன்றுமில்லாத ஒன்றைத் தேடி ஸ்கான் ஸ்கானாக அலைந்தவர்கள். அங்கே அலைய வசதி இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக் கிராமங்களில் இருந்து ஒரு மனுசி எங்கே அலைவது?

மச்சானின் அம்மா, எனக்கு மாமி, அந்தப் படுவான்கரையில்தான் இருக்கிறார். வெத்திலைத் தட்டான வட்டா இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. வெள்ளாமை வேலைக்குப் போன காலத்தில் பழகிய வெத்திலை, கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புகையிலை. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வெத்திலை போடுகிற பெண்களையும் அது விடாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எப்போதோ சொல்லிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ துணுக்கு வேண்டாம், ஒரு டோர்ச் லைட் போதும். கேரளத்தில் திருவனந்தபுரம் பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படிக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்ததால்தான் பலன்.

மாமியைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் பட்ட பாடு! "பல்லே இல்லாதவளுக்கு என்ன மனே பல் டொக்டர்?" என்று ஒரே பிடிவாதம். டொக்டர் கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தார். இடது பக்கம், எப்போதும் வெத்திலையை அடக்கி வைக்கிற இடத்தில், சுரண்டினால் போகாத வெள்ளைப் படை. சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் ஆகலாம். புகையிலையை நிறுத்திவிட்டு மூன்று மாதத்தில் வரச் சொன்னார்கள். செலவு ஓட்டோக் காசு மட்டும். இந்த மாமிக்கு இரத்தச் சோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று ஒரு கடதாசி கையில் கொடுத்திருந்தால், அதைக் காட்டிக் காட்டியே இன்னொரு வாய் வெத்திலை போட்டிருப்பார். எனக்கு அந்தக் கடதாசியில்தான் பயம்.

பெண்களுக்கு இன்னொன்று. எம்ஓஎச் எனும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் கர்ப்பப்பைக் கழுத்தைச் சோதிக்கிறார்கள், மார்பையும் பார்க்கிறார்கள். இலவசம். வெட்கத்தாலும், 'எனக்கென்ன வருத்தமா' என்ற நினைப்பாலும் நம் பெண்கள் போவதில்லை. உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்தவர்கள் அதையும் சொல்லிக் கேளுங்கள். அவர்களுக்கு வேறு கணக்கு. இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத வாய்ப்புண், புதிதாகத் தட்டுப்படும் கட்டி, காரணமில்லாத மெலிவு இருந்தால் எந்தப் பக்கேஜுக்கும் காத்திராமல் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

மச்சான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அனுப்புகிற காசை என்ன செய்வது என்று கேட்டான். ஊரில் வெத்திலை போடுகிற கிழவிகளை மாதம் ஒரு தடவை ஒரு வான் வண்டியில் ஏற்றி கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.