கை நீளமான கணவாய்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தெரு, ஞாயிறு காலை. நாகப்பட்டினத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்கா. கிண்ணத்தோடு வந்த தம்பி. (போன வாரப் பாக்கி 150 ரூபாய் நிற்கிறது, அதனால்தான் பேச்சு ஆழ்கடலுக்குப் போகிறது.)

தம்பி: அக்கா, ஊசிக் கணவாய்தானே இது? இதற்கு ஒரு பங்காளி இருக்கிறான், போனில் பாருங்கள். மேக்னாபின்னா. 2007-இல் மெக்சிகோ வளைகுடாவில், எண்ணெய்க் கிணறு பக்கம் ஆளில்லாத எந்திரம் எடுத்த படம்.

அக்கா: அங்கேயும் எண்ணெய்க் கிணறா! சரி, இது என்ன, கொடியில் காயப்போட்ட நூல் மாதிரி?

தம்பி: அதெல்லாம் கை அக்கா. பத்தும் ஒரே மாதிரி, பக்கவாட்டில் நீண்டு, முழங்கை மாதிரி மடங்கி, அப்புறம் தொங்கிக்கொண்டே போகும். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒன்றை லேசரால் அளந்தார்கள், உடம்பு 15 சென்டிமீட்டர், கையோடு சேர்த்து 1.8 மீட்டர்.

அக்கா: சாண் உடம்புக்கு ஆள் உயரக் கையா? மேட்டூரில் திறந்த தண்ணீரே நம் கடைமடைக்கு வருவதற்குள் நாற்று காய்ந்துவிடுகிறது, இது கை நுனிக்கு எப்போது சேதி சொல்லி அனுப்பும்?

தம்பி: அதற்கு அவசரமே இல்லை. கையைத் தொங்கவிட்டு, ஒட்டுவதைத் தின்னும் என்று நினைக்கிறார்கள். தின்று யாரும் பார்த்ததில்லை.

அக்கா: எங்கள் வீட்டுக்காரர் தூண்டிலோடு வாய்க்கால் கரையில் உட்காருவதும் இதே கதைதான். எவ்வளவு ஆழத்தில்?

தம்பி: பிலிப்பைன்ஸ் பக்கம் 2021-இல் 6,212 மீட்டரில் பார்த்தார்கள். 20,000 அடிக்கு மேல்!

அக்கா: போர்காரன் அடிக்கணக்கில் காசு கேட்பான், அந்த ஆழத்துக்கு வீடு, வயல் இரண்டையும் எழுதிக் கொடுக்கவேண்டியதுதான். கிலோ என்ன விலை?

தம்பி: வளர்ந்ததைப் பிடித்தவரே கிடையாது. 1998-இல் பெயர் வைத்ததே குட்டிகளை வைத்துத்தான்.

அக்கா: பெற்றவர்களைப் பார்க்காமலே பெயர்சூட்டு விழாவா! நல்ல குடும்பம். அரைக் கிலோ போடவா? பாக்கி 150-ஐயும் சேர்த்துக் கொடு.

தம்பி: அக்கா, அது கை நீளமான...

அக்கா: கை நீளம் என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம் தம்பி. அதன் கை ஆறடி போகிறது, உன் கை சட்டைப்பை வரைக்கும் போகமாட்டேன் என்கிறதே.

தம்பி: போனில் அனுப்பிவிடுகிறேன்.

அக்கா: அனுப்பு, கணவாயை மூடிவிட்டு அனுப்பு.

தம்பி: ...சார்ஜ் போய்விட்டது அக்கா.