சானிடைசர் அழுக்கை எடுக்காது

வீட்டில் காய்ச்சிய பீரைப் பாட்டிலில் நிரப்புவது பற்றி மேலே ஒருவர், "பழைய பீர் பாட்டிலில் ஸ்டார் சானைக் கலக்கி ஊற்றினால் போதும், தனியாகக் கழுவ வேண்டாம், கடைசியில் நுரை போகும்வரை குழாய்த் தண்ணீரில் அலசுங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஸ்டார் சான் என்பது அமில வகை சானிடைசர், அதாவது கிருமிநீக்கி. அவர் சொன்ன இரண்டுமே தவறு, இதைப் படித்து யாராவது முதல் பீரையே பாழாக்கிவிடக் கூடாது.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடியைப் பாருங்கள், காய்ந்த ஈஸ்ட் பழுப்பு வளையமாக ஒட்டியிருக்கும், சில சமயம் பூஞ்சையும். அந்தப் படலத்துக்குள் சானிடைசர் சரியாக இறங்காது, உள்ளே இருக்கும் கிருமி பிழைத்துக்கொண்டு, அப்புறம் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையையும் தின்று வாயுவை ஏற்றும். பீர் புளிக்கும், திறந்தால் பொங்கி வழியும், பாட்டிலே வெடிப்பதும் உண்டு. சோடியம் பெர்கார்பனேட் (அழுக்கை எடுக்கும் ஆக்சிஜன் வகைத் தூள்) கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். கொதிநீரைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

அதற்குப் பிறகுதான் ஸ்டார் சான். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, உட்புறம் முழுக்க ஒன்றிரண்டு நிமிடம் நனைந்திருந்தால் சரி. கவிழ்த்து வடியவிட்டு ஈரத்தோடேயே பீரை நிரப்பி மூடிவிடுங்கள். நுரை கிடந்தால் கிடக்கட்டும், இந்த அளவில் கலந்தால் அதை அலசத் தேவையே இல்லை. குழாய்த் தண்ணீரை விட்டால்தான் கிருமி மறுபடி உள்ளே போக வழி. அலச வேண்டியது பிளீச் போட்டிருந்தால். பிளீச்சோடு வினிகரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.