புகார் வந்தாலே ஆசிரியரின் வேலை போய்விடுமா?

சிங்கப்பூரில் பெற்றோர் ஒருவர் புகார் கொடுத்தாலே அரசுப் பள்ளி ஆசிரியரை விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்துவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறானது. கல்வி அமைச்சின் கீழ்ப் பணியாற்றும் ஆசிரியர்கள் பொதுச் சேவை அதிகாரிகள் என்பதால், தம் தரப்பை எடுத்துச் சொல்ல நியாயமான வாய்ப்பு அளிக்காமல் அவர்களைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்ய முடியாது என்பது அரசியலமைப்பின் 110ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு. குழப்பத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது: போலிஸ் விசாரணை நடக்கும் காலத்தில் ஆசிரியரை வகுப்பறையிலிருந்து விலக்கி வைக்கும் ‘பணியிடைநீக்கம்’, பகிர்வோர் கையில் ‘இடை’யை இழந்து ‘பணிநீக்கம்’ ஆகிவிடுகிறது (தமிழ் நன்கு படித்தவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள்). தவறு உறுதியானாலும் எல்லாருக்கும் ஒரே தண்டனை அல்ல. அதன் கடுமைக்கேற்ப அபராதம், சம்பள உயர்வு நிறுத்தம், பதவியிறக்கம், பணிநீக்கம் என அது வேறுபடும்.