கியர் பாக்ஸ் இறக்கி ஏத்தியாச்சு, தரையில ஏன் இன்னும் ஆயில்?

கத்தையா காசை எண்ணி வெச்சு, கியர் பாக்ஸை இறக்கி, பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் கசியாம தடுக்கிற ரப்பர் வளையமான சீல்னு எல்லாத்தையும் மாத்தி காரை வீட்டுக்குக் கொண்டு வந்தா, மறுநாள் காலையில டைல்ஸ் மேல ஆயில் வட்டம். போன் பண்ணினா ஒரே பதில்: “புது சீல் சார், ஓட ஓட செட் ஆயிடும்.” என்னங்க செட் ஆகும்? ஆயில் சீல் என்ன புதுச் செருப்பா, போடப் போடக் காலுக்குப் படியறதுக்கு?

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். வேலை நடக்கும்போது சிந்தின ஆயில் மடிப்புகள்ல தேங்கி ஒண்ணு ரெண்டு நாள் சொட்டும். துடைச்ச பிறகும் சொட்டினா அது லீக்தான்.

அடுத்த கூத்து சிலிகான் கம். ஈரமா இருக்கிற இடத்துல வெளியிலிருந்தே ட்யூப்பைப் பிதுக்கி அப்பிடறாங்க. எண்ணெய் பட்ட அலுமினியத்துல அது எங்க ஒட்டும்? ரெண்டே நாள்ல தோல் மாதிரி உரிஞ்சு தொங்கும்.

சொட்டறது என்னன்னு முதல்ல பாருங்கப்பா. விரல்ல தொட்டு மோந்தாலே பாதி தெரிஞ்சிடும். கியர் ஆயில்னா கந்தக வாடை அடிக்கும். ஓடின இன்ஜின் ஆயில் கருத்திருக்கும். மெல்லிசா இருந்து, தண்ணி விட்டதும் கலந்து போச்சுன்னா பிரேக் ஃப்ளூயிட், அப்போ அதே ஃப்ளூயிட்ல வேலை செய்யற கிளட்ச் சிலிண்டரைப் பார்க்கணும். இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடத்துக் கூடான பெல் ஹவுசிங் அடியில சொட்டும்போது இன்ஜினோட பின் சீலா, கியர் பாக்ஸ் இன்புட் சீலான்னு சொல்ல இந்த மோப்பம்தான் உதவும். அது தெரியாம மறுபடி இறக்கினா கூலி தண்டம்.

டீசல் போட்டுக் கழுவி, பிரேக் கிளீனர் அடிச்சு, காய்ஞ்சதும் டால்கம் பவுடரைத் தூவுங்க. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சா, வெள்ளையில ஈரக்கோடு இறங்கியிருக்கும். கோடு ஆரம்பிக்கிற உச்சிதான் லீக். ஓடும்போது காத்து ஆயிலைப் பின்னாடி தள்ளும், நின்னா கீழ இறங்கும். சொட்டற இடத்துக்கு வைத்தியம் பார்க்கிறது, ஓடு ஒழுகுதுன்னு தரையைப் பூசற மாதிரி.

சக்கரத்துக்குப் போற தண்டு, அதான் டிரைவ் ஷாஃப்ட், அதோட சீலுக்கு வருவோம். உள்பக்க உதட்டைப் பாருங்க: மெல்லிசான ரப்பர் விளிம்பு, அதுக்குப் பின்னாடி சன்னமா ஒரு சுருள் ஸ்பிரிங். அதுல சுத்தியலை வெச்சு ஒரு பக்கமா அடிச்சா சீல் சாய்ஞ்சு உக்காரும், ஸ்பிரிங்கும் கழண்டுக்கும். சீலோட வெளிவட்ட அளவுக்கு ஒரு பைப்போ சாக்கெட்டோ வெச்சு சமமா இறக்க அஞ்சு நிமிஷம் ஆகுமா? உதட்டுல கிரீஸ் தடவி, ஷாஃப்ட் கனம் சீல் மேல விழாம கையில தாங்கி நேராச் சொருகணும். இல்லேன்னா ஷாஃப்ட் நுனியில இருக்கிற ஸ்பிளைன் பல்லு உதட்டைக் கிழிச்சிடும். ஷாஃப்ட்ல சீல் உரசற இடத்துல நகத்தை ஓட்டுங்க. மாட்டினா பள்ளம். அங்க எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். பள்ளத்தை மூடற மெல்லிசான ஸ்லீவ் போடணும், இல்ல ஷாஃப்ட்டை மாத்தணும்.

ரெண்டு பக்க சீலும் ஒண்ணா ஒழுகினா சீலைத் திட்டாதீங்க, பாக்ஸ் மேல காத்து போக இருக்கிற பிரீதரைப் பாருங்க. பாக்ஸுக்கு பெயிண்ட் அடிக்கிறேன்னு அதையும் சேர்த்து அடைச்சிருப்பாங்க. சூடேறின காத்து வெளிய போக வழியில்லாம சீல் வழியா ஆயிலைத் தள்ளும். அதிகமா ஊத்தினாலும் தொல்லைதான். சின்ன கார்கள்ல பல பாக்ஸுக்கு ரெண்டு லிட்டரை ஒட்டித்தான் அளவு. வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, ஆயில் அளவு பார்க்கிற லெவல் துளை விளிம்புல வழியற வரைக்கும் ஊத்தினா போதும்.

கியர் பாக்ஸ் கூட்டோட பாகங்கள் ஒண்ணா சேர்ற கேஸ் ஜாயின்ட்ல இன்னும் மோசம். நடுவுல வெச்சிருந்த பழைய கேஸ்கெட் தகட்டை உளியால சுரண்டி, சேர்ற முகத்துல கோடு போட்டுடறாங்க. தின்னர்ல துடைச்சு, போல்ட் துளைக்கு உள்பக்கமா 2, 3 மில்லிமீட்டர் கனத்துல ஒரே கோடா கம் விட்டு மூடணும். முழுசா இறுக பெரும்பாலான கம்முக்கு 24 மணி நேரம் வேணும்னு ட்யூப்லயே போட்டிருக்கும். இவங்க டீ குடிச்சுட்டு வந்து ஆயிலை ஊத்திடறாங்க.

இத்தனை செலவுக்கு நடுவுல, சில்லறைக் காசு பெறாத, ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டோட வாஷரை மட்டும் பழசையே திருப்பிப் போடுவாங்க. அது கசிஞ்சா ஸ்பேனர்ல பைப்பைக் கோத்து முறுக்கி, அலுமினிய மரையை வழிச்சுட்டு, “ஹவுசிங்கே போச்சு சார்”னு புது பில்லை நீட்டுவாங்க.