பிட்ச் பெண்ட் பற்றி ஒரு கூடுதல் குறிப்பு
மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையான மிடி (MIDI) ஒலியைச் சுமந்து செல்வதில்லை, எந்தச் சுரத்தை எவ்வளவு விசையுடன் அழுத்தினோம் என்பது போன்ற கட்டளைகளையே அனுப்புகிறது என்பதை மிடி பற்றிய கட்டுரை தெளிவாக விளக்குகிறது. ஆனால் ஒலிக்கும் சுரத்தின் சுருதியை மேலோ கீழோ வளைக்கும் கட்டளையான பிட்ச் பெண்டை அது ஒரே வரியில் கடந்திருக்க வேண்டாம். சுர எண்ணும் விசையும் 0 முதல் 127 வரையே அமைய, சுருதியின் சிறு தாவலையும் காது கண்டுகொள்ளும் என்பதால் இதற்கு 16,384 படிகள் உள்ளன. எனினும் அக்கட்டளை சேனல் (மிடி கட்டளைகள் செல்லும் தனித்தடம்) முழுவதற்கும் பொருந்துவதால், ஒரே சேனலில் சேர்ந்தொலிக்கும் மூன்று சுரங்களில் ஒன்றை மட்டும் வளைக்க முயன்றால் மூன்றுமே வளைந்துவிடும் (புதியவர்கள் இதை மென்பொருளின் கோளாறு என்றே எண்ணுவர்). 1983இல் வெளியான மிடி விதிகளின் இந்த வரம்பை, ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் தரும் எம்.பி.இ. (MIDI Polyphonic Expression) முறை கடக்கிறது. அவ்வசதி இல்லாதவர்கள், வளைய வேண்டிய சுரத்தைத் தனி டிராக்கில், அதே மென்பொருள் இசைக்கருவியின் இன்னொரு பிரதியுடன் வைத்துக்கொள்ளலாம்.