பேண்ட் அளவு வேறு, வயிற்றளவு வேறு

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் 27 வருடமாக ஆண்களுக்குத் துணி தைக்கிறேன். அளவு எழுதிய நோட்டுகளில் ஒன்றைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை. போன மாதம் என் பெரியம்மா மகன், அண்ணன், நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக் குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். வயது 47. அன்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய நோட்டுகளில் அவர் பக்கங்களைத் தேடி எடுத்தேன். பேண்ட் இடுப்பு 34 இஞ்ச். பதினாறு வருடமாக அதே 34. சட்டைக்கு எடுத்த வயிற்றளவு மட்டும் 36-இல் தொடங்கி 42-க்குப் போயிருக்கிறது.

தொப்பை விழ விழ ஆண்கள் பேண்ட்டைக் கீழே இறக்கிப் போடுகிறார்கள். டேப்பையும் நாங்கள் அங்கேதான் வைக்கிறோம். அதனால் பேண்ட் சைஸ் ஏறாது, ஆளும் "நான் அப்படியேதான் இருக்கேன்" என்று நம்பிக்கொண்டிருப்பார். இங்கே அரசு சுகாதாரப் பணியாளர்களான ஆஷா அக்காக்கள் 30 வயதைத் தாண்டியவர்களுக்குப் படிவம் நிரப்ப வீடு வீடாக வருகிறார்கள். அதில் இடுப்புச் சுற்றளவு கேட்கும் இடத்தில் எங்கள் தெரு ஆண்கள் பலர் பேண்ட் சைஸைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். நானே கேட்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்வி எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்கும் தெரியாது.

அண்ணன் ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு லேபில் முழு உடல் பரிசோதனை செய்திருந்தார். ரிப்போர்ட்டை இப்போதுதான் வாங்கிப் பார்த்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. ரத்த அழுத்தம் 134/88. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. நல்ல கொலஸ்ட்ரால் 36. "எல்லாம் பார்டர்லதானுங்க இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனும் என்னிடம் "எனக்குச் சுகர் இல்லடா தம்பி" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

எனக்கு ஆறாத இடம் இதுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து 'கொஞ்சம்' என்றார்கள். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. வயிற்றுச் சுற்றளவுக்கு வரம்பு நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. ட்ரைகிளிசரைடு 150. அழுத்தம் 130/85. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100. இவற்றில் எதைத் தொட்டாலும் தாண்டினாலும் அது ஒரு கணக்கு. நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் கீழே போனால் அது ஐந்தாவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது ஒன்றோடொன்று சேர்ந்து வரும் கோளாறுகளின் கூட்டு. அண்ணனுக்கு ஐந்துமே இருந்தது. இது இருப்பவருக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து ஐந்து மடங்கு, இதய நோய் ஆபத்து இரண்டு மடங்கு என்கிறார்கள். உலகத்தில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் மதிப்பீடு.

குடல், கல்லீரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. இன்சுலின் சொன்னால் உடம்பு கேட்காத நிலை வருகிறது. கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து பல வருடம் ஈடுகட்டுகிறது. அதுவரை சுகர் டெஸ்ட் நார்மல் என்றே வரும். கொழுப்பும் அழுத்தமும் அதற்குள் ரத்தக் குழாயில் வேலையைத் தொடங்கிவிடும். ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெரால்ட் ரீவன் 1988-லேயே இவையெல்லாம் ஒரே வேரிலிருந்து வருவதாகச் சொல்லி 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். வருடம் இத்தனை ஆன பிறகும் நம் ஊர் ரிப்போர்ட்டில் அவை தனித்தனிக் கட்டமாகவே நிற்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒல்லியாக இருக்கிறேன் என்று யாரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பிய ஆண்களுக்கு 94 என்ற வரம்பு நமக்கு ஏன் 90? கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருவது நம் உடல்வாகு. என் டேப் தினமும் இதைப் பார்க்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2023-இல் வந்த ஆய்வில் கேரளத்தில் சர்க்கரை நோய் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் வயதானவர்கள் அதிகம் என்பதும் அதில் சேரும். ஆனால் இரண்டு மாநில எல்லையான வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாம் ஒரே சொந்தக்காரர்கள்தானே. கடலைக்காட்டில் களை வெட்டிய கைகள்தான் இப்போது பைக் ஆக்சிலேட்டரைத் திருகுகின்றன. அண்ணன் பொள்ளாச்சிக்குத் தேங்காய் லோடு ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு ஆறு டீ, சாயங்காலம் இரண்டு பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. மட்ட அரிசிச் சோற்றைக் குறை சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதையும் டீயில் போடும் சர்க்கரையையும் முதலில் பேசுவோம்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. இதைத் திருப்ப முடியும். சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற நம் ஆட்களிடம் நடையும் சாப்பாட்டு மாற்றமும் மட்டுமே அந்த நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. அண்ணனுக்கு அந்த வாசலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

இந்த வாரம் முதல் என் நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. பேண்ட் தைக்க வருபவர் சம்மதித்தால் இன்னொரு அளவும் எடுக்கிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் நிற்க வேண்டும். முப்பத்தஞ்சரை இஞ்சைத் தாண்டினால் "அண்ணா, ரிப்போர்ட் இருந்தா டாக்டர்கிட்ட மொத்தமா காட்டுங்க" என்று சொல்கிறேன். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள், பரவாயில்லை.

நேற்று அண்ணன் கடைக்கு வந்தார். பழக்க தோஷத்தில் வயிற்றை உள்ளே இழுத்தார். அப்புறம் அவரே விட்டுவிட்டார். 41 என்று எழுதிக்கொண்டேன்.