விசாரிப்பது பள்ளியின் வேலை இல்லை

மாணவியிடம் ஆசிரியர் ஒருவர் பாலியல் அத்துமீறல் செய்ததாக நாலு நாளாக எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பள்ளி விவகாரத்தில் குற்றம் செய்தவனைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள். என் ஆத்திரம் வேறு இடத்தில். பிள்ளை வகுப்பு டீச்சரிடம் சொன்ன நாளுக்கும் போலீசுக்குப் புகார் போன நாளுக்கும் நடுவில் 9 நாள். அதற்கு "உள் விசாரணை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையை எச்.எம். அறையில் நிற்க வைத்து, ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்துகொண்டு, "நடந்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் குடும்மா" என்று கேட்டிருக்கிறார்கள்.

விசாரிப்பது பள்ளியின் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. அதன் 19-வது பிரிவு யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை. நடந்தது தெரிந்தாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும், நடக்கக்கூடும் என்று பயம் வந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிர்வாகத் தலைமை சொல்லாமல் விட்டால் ஒரு வருடம் வரை.

பிள்ளைகள் எதையும் நேராகச் சொல்வதில்லை. பெல் அடித்த பிறகு பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். "மிஸ், நாளைக்கு லேபுக்குப் போகலேன்னா திட்டுவீங்களா?" என்பார்கள். அந்த இடத்தில் "ஏன், என்ன பண்ணார், எங்க தொட்டார்?" என்று நாம் வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. "சொல்லும்மா", "அப்புறம்?" போதும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது, அந்தச் சத்தியத்தை நம்மால் காப்பாற்ற முடியாது. அவள் போனதும் அவள் சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ போன். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு "என்ன சார் இப்படிச் சொல்றாங்க" என்று கேட்டுவிடாதீர்கள். அன்று சாயங்காலமே பிள்ளை வீட்டுக்கு மிரட்ட ஆள் போகும்.

ஒரே விஷயத்தை ஐந்து பேரிடம் ஐந்து தடவை சொன்னால் வார்த்தை மாறும். ஒரு தடவை "மதியம்" என்பாள், இன்னொரு தடவை "பி.டி. பீரியட்" என்பாள். எச்.எம். அறையில் எழுதி வாங்கிய அந்தப் பேப்பரைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் தூக்கிக் காட்டுவார். அதற்குள் சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதியது ஏறியிருக்கும். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் குளிக்க வைக்காமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். எஃப்.ஐ.ஆர். இல்லாமலே பரிசோதனை செய்யலாம் என்று 27-வது பிரிவு சொல்கிறது. 9 நாள் கழித்து எதைப் பரிசோதிப்பது?

"பொய்ப் புகாராக இருந்தால் ஒரு ஆசிரியர் வாழ்க்கையே போய்விடுமே" என்று கமென்டில் வருவீர்கள். பொய்யா மெய்யா என்று பார்க்கத்தான் போலீஸும் கோர்ட்டும் இருக்கின்றன. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது, அதையும் சட்டமே சொல்கிறது. வளரிளம் பருவக் காதல் வழக்குகளில் இந்தச் சட்டம் கடுமையாகப் பாய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது அது இல்லை.

"பிள்ளை ஸ்டேஷன் வாசப்படி ஏறணுமா?" வேண்டாம். 24-வது பிரிவுப்படி வாக்குமூலம் அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான். கூடுமானவரை பெண் எஸ்.ஐ. வருவார், யூனிஃபார்ம் இல்லாமல். இது ஒரு பெற்றோருக்கும் தெரியவில்லை, சொல்ல வேண்டிய பள்ளியும் சொல்லவில்லை.

பெற்றோரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மத்திய அரசின் 2007 ஆய்வில் 53 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள். "மாமாவுக்கு முத்தம் குடு" என்று நாமே தள்ளிவிட்ட பிள்ளை, வேண்டாம் என்று சொல்ல எங்கே கற்றுக்கொள்ளும்?

அந்த 9 நாளும் அந்த ஆள் தினமும் கையெழுத்துப் போட்டு வகுப்புக்குப் போய் வந்திருக்கிறார். பிள்ளையைத்தான் "கொஞ்ச நாள் வீட்ல இருக்கட்டும்" என்று அனுப்பியிருக்கிறார்கள். ரிஜிஸ்டரில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறது.